கழுத்துக் கறுப்பு

அண்ணாவின் கழுத்தில் அதை முதலில் கண்டபோது எனக்குப் பயம் வரவில்லை. சந்தோசம் வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

துணுக்காயில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அவன் குந்தியிருந்தான். அம்மா தேங்காய்ப் பொச்சில் சவுக்காரம் போட்டு அவன் பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முப்பது தாண்டிய, உழவு மெசின் ஓட்டுகிற பிள்ளையை அப்படித் தேய்ப்பது இரண்டு பேருக்குமே வெட்கம்தான். ஆனால் அடுத்த மாதம் பொம்பிளைப் பகுதியார் வரப்போகிறார்கள், சாதகம் பொருந்திவிட்டது.

"மெசின் புழுதி. இறுகிப்போச்சு," என்றார் அம்மா. தோல் சிவந்து கன்றியது. கறுப்பு மட்டும் மடிப்பு மடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி அப்படியே கிடந்தது.

நான் பல்கலைக்கழகம் முடித்து நியமனத்துக்குக் காத்திருந்த நேரம். படித்த உயிரியலை யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. "விடுங்கோ அம்மா, அது ஊத்தையில்லை!" என்று கத்தினேன், சோதனையில் தெரிந்த கேள்வி வந்துவிட்டதுபோல.

பிறகு ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே போனது. கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பாலுண்ணிகள். மதியம் சாப்பிட்ட கையோடு கதிரையிலேயே தூக்கம், எழும்பியதும் திரும்பப் பசி. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. அம்மாவின் தையல் நாடாவை எடுத்து அவன் வயிற்றைச் சுற்றி அளந்தேன்.

"என்னடி, சட்டை தைக்கவோ, பெட்டி அடிக்கவோ?" என்றான்.

"பகிடியை விடு. இரத்தத்தில இருக்கிற சீனியை எடு எடு எண்டு இன்சுலின் உன்ர தசையைக் கூப்பிடுது. தசை கேக்குதில்லை. கணையம் இன்னும் கூட இன்சுலினை விட்டுக் கூப்பிடுது, அந்தக் கூடின இன்சுலின்தான் கழுத்தைக் கறுப்பாக்குது. ஒருநாள் கணையத்துக்கும் ஏலாமல் போகும். அதுக்குப் பிறகுதான் சீனி வருத்தம்."

"விடிய அம்மா என்னை எழுப்பிற மாதிரி."

என்னோடு படித்தவர்களில் பாதிப்பேருக்கு இவ்வளவு கெதியாக விளங்கியிருக்காது.

வெறும் வயிற்றோடு கிளிநொச்சிக்குக் கூட்டிப்போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுக்க வைத்தேன். மறுமொழியைப் பார்த்த டொக்டர், "வருத்தம் இன்னும் வரேல்லைத் தம்பி. ஆனால் கிட்ட நிக்கிறீர். இப்பவெண்டால் திருப்பலாம். சோத்தைக் குறையும், நடவும், ஆறு மாதத்தால வந்து திரும்பப் பாரும்," என்றார்.

அண்ணா சொல்லுக் கேட்டான். அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது, அவன் கேட்டான். வெறும் தேத்தண்ணி குடித்தான். சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும், ஒரு துண்டு மீன், ஒரு அகப்பை சோறு. இரண்டாவது அகப்பையோடு வந்த அம்மாவின் கையை நான் தடுத்தேன்.

அம்மா அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கடைசிச் சண்டை நேரம் கஞ்சிக்கு வரிசையில நிண்டு வாங்கிக்கொண்டு வந்து, தன்ர பங்கையும் உன்ர பேணிக்குள்ள ஊத்தினவன். நீ இப்ப அவனுக்குச் சோறு அளக்கிறாய்."

அண்ணா, "விடுங்கோ அம்மா, படிச்சவள் சொல்லுறாள்," என்றான். கேலியா, பெருமையா, எனக்குத் தெரியவில்லை. பெருமை என்றே எடுத்துக்கொண்டேன்.

பின்னேரங்களில் இரண்டு பேரும் குளக்கட்டில் நடந்தோம். மூன்று கிழமையில் ஆணி குத்திய ஓட்டையை விட்டுப் பழைய ஓட்டைக்குப் பெல்ட் வந்தது. அன்றைக்கு நான் தரையில் நிற்கவில்லை. எதிரே ஒரு மாமி வந்து, "என்ன, அண்ணனும் தங்கச்சியும் நடை?" என்று கேட்டதுதான் தாமதம், முழுப் பாடத்தையும் ஒப்புவித்தேன். இது சீனி வருத்தமில்லை, அதுக்கு முந்தின படி, திருப்பலாம், கழுத்தைப் பார்த்தாலே பிடிக்கலாம் என்று சொல்லி, அண்ணாவின் சட்டைக் கொலரை இழுத்துக் காட்டியும் விட்டேன். அவன் கழுத்து என் கைக்குள் விறைத்தது. அந்த மாமி பொம்பிளைப் பகுதிக்குச் சொந்தம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் இன்னும் விளக்கமாகச் சொன்னேன். பொம்பிளையும் படித்தவள், அவர்களுக்கு எங்கள் நேர்மை பிடிக்கும் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் தரகர் படலையோடு நின்று சொல்லிவிட்டுப் போனார். "பொடியனுக்கு இந்த வயதிலயே சீனியாம் எண்டு யோசிக்கினம்."

அம்மா குசினிக்குள் போனார். அண்ணா என்னைத் திட்டவில்லை. "ஊருக்குப் பாடம் எடுக்க என்ர கழுத்துத்தான் கிடைச்சுதோ?" என்று மட்டும் கேட்டான்.

அதன்பிறகு அவன் குளக்கட்டுப் பக்கம் போகவில்லை. அங்கே நடக்கிறவர்கள் எல்லாரும் சீனிக்காரர், ஊருக்கே தெரியும். வெயிலில் உழும்போதும் கொலர்ப் பொத்தானைப் பூட்டிக்கொண்டான். ஒருநாள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவன் நின்றான். நான் பஸ்ஸுக்கு நின்றேன். "அண்ணை, எனக்குச் சீனி கூடப் போடுங்கோ," என்று சந்தி முழுக்கக் கேட்கச் சொன்னான். ஆட்கள் பார்க்கப் பார்க்கக் குடித்தான். பெல்ட் திரும்ப ஆணி ஓட்டைக்குப் போனது. ஆறு மாதம் போய் எட்டாகிவிட்டது. திரும்ப இரத்தம் பார்க்க டொக்டர் எழுதித் தந்த துண்டு என் அலுமாரியில் இருக்கிறது. நடக்கக்கூட ஒளிக்க வேண்டிய ஊர் என்று ஊரில் எனக்குக் கோபம். ஆனால் கொலரை இழுத்தது ஊரில்லை.

போன கிழமை புதுச் சம்பந்தம் ஒன்று வந்தது. படம் கேட்டார்கள். அண்ணா என் அறை வாசலில் வந்து நின்றான். இத்தனை மாதத்தில் அவனாக என்னோடு கதைத்தது அன்றைக்குத்தான்.

"கழுத்துக்குப் பூச உன்னட்ட ஏதும் கிறீம் இருக்கோ?"

"அண்ணா, ஒருக்கா இரத்தம்..."

"இருக்கோ, இல்லையோ?"

இருந்தது. திரும்பி நின்று கொலரை அவனே இறக்கிவிட்டான். கறுப்பு காதடி வரைக்கும் ஏறியிருந்தது. நான் பூசிவிட்டேன்.

"தெரியுதோ?" என்று கேட்டான்.

"இல்லை," என்றேன்.