ராசிபுரத்துக் கித்தார்

ராசிபுரத்தில் வெள்ளியங்கிரி ஆசாரியைத் தறி ஆசாரி என்றுதான் சொல்வார்கள். பட்டு நெய்கிறவர்களுக்குத் தறி செய்து கொடுப்பதும் ஆட்டம் கண்ட தறியை இறுக்கிக் கொடுப்பதும் அவர் பிழைப்பு. அவர் கை பட்ட மரம் பத்து வருஷத்துக்கு அசையாது என்று நெசவுத் தெருவில் எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு. எந்த மரச் சாமானைப் பார்த்தாலும் முதலில் ஒரு தட்டு, பிறகு உள்ளங்கையால் ஒரு தள்ளு. அது கொஞ்சம் ஆடினாலும் முகம் சுளிப்பார்.

வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகைதான் பட்டறை. பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்தாயிற்று. மனைவி பொன்னாத்தாள் மூன்று வீடு தள்ளி இருந்த நெசவுக்காரி ராஜம்மாள் வீட்டில் பகலெல்லாம் பட்டு இழை சுற்றுவாள்.

1933ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் நெய் வியாபாரி குமாரசாமிச் செட்டியார் ஒரு சாக்கு மூட்டையோடு பட்டறைக்கு வந்தார். அவருடைய நெய் டின்கள் சேலம் ஜங்ஷனில் ரயிலேறும். அந்தப் பழக்கத்தில் டிக்ரூஸ் என்ற ஆங்கிலோ இந்தியக் கூட்ஸ் வண்டி கார்டு அவருக்கு வேண்டியவர். சாக்குக்குள் இருந்தது கார்டின் வாத்தியம். வண்டி குலுங்கியதில் ஓர் இரும்புப் பெட்டி சரிந்து அதன் முதுகின் மேல் விழுந்துவிட்டது.

"ஆசாரியாரே, இதைச் சித்த பாருங்க. எங்க ஊர்ல ஒரு ஆள் இருக்கறாருன்னு தொரைகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"என்னங்க இது, வீணையா?"

"அந்த மாதிரிதான். கித்தாருன்னு பேரு."

ஆசாரி முன்பலகையைத் தட்டினார். உடைந்த முதுகு வழியாக உள்ளே பார்த்தார். விரல் கனம்கூட இல்லாத குச்சிச் சட்டங்கள் ஏழெட்டு உள்ளே ஒட்டியிருந்தன.

"பலகை அப்பளமாட்டம் இருக்குதுங்க. பெட்டி உளுந்தா நொறுங்காம என்ன பண்ணும்?"

எட்டு நாளில் புது முதுகு போட்டுவிட்டார். வாங்கிப்போக டிக்ரூஸே பஸ்ஸில் வந்தார். கொட்டகையில் நின்றபடியே கம்பிகளை முறுக்கி நாலு தரம் மீட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. தன் தங்கை மகள் தெரசாவுக்கு இதே மாதிரி ஒன்று புதிதாகச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

"இதைவிட நல்லாவே செஞ்சு தாரேனுங்க" என்றார் ஆசாரி.

நல்லா என்று அவர் சொன்னது உறுதியை நினைத்து. அப்பளப் பலகையால்தான் பழையது உடைந்தது. அந்தத் தப்பு இதில் வரக்கூடாது. வைரம் பாய்ந்த பலாக்கட்டை ஒன்றை எடுத்து வீணைக் குடம் போலக் குடைந்தார். முன்பலகையைக் கதவுப் பலகை கனத்துக்கு வைத்தார். இரண்டு மாசம் ஆயிற்று. முடிந்த அன்று அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தார். கீறல் விழவில்லை. திருப்தியாக இருந்தது.

டிக்ரூஸ் வந்தார். கம்பி மாட்டி மீட்டினார். தூணில் கட்டிய கம்பியைச் சுண்டினால் வருகிற சத்தம்தான் வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஆசாரி, இதுல நெல்லுக் குத்தலாம்."

ஆசாரிக்கு முகம் செத்துப்போயிற்று. டிக்ரூஸ் தன்னுடைய பழைய கித்தாரை எடுத்து அவரிடம் நீட்டினார். "இதோட வயித்துல கையை வை. அழுத்தாதே. சும்மா வை."

ஆசாரி உள்ளங்கையை முன்பலகையில் வைத்தார். டிக்ரூஸ் தடித்த கம்பியைச் சுண்டினார். பலகை கைக்குக் கீழே நடுங்கியது. ஆசாரி கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"இது அசையோணுமுங்களா?"

"அசையாட்டா சத்தம் எங்கேருந்து வரும்?"

ஆசாரி பழைய கித்தாரைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது வருஷமாக மரத்தில் ஆட்டத்தைப் போக்குவதே அவர் வேலை. மறுநாள் பலாமரக் கித்தாரைக் கொட்டகை மூலையில் சாய்த்து வைத்தார். அடுத்த கட்டையை எடுத்தார்.

இந்தத் தடவை எல்லாமே மெல்லிசு. சேலத்து மில்லுக்கு இயந்திரம் வந்த சீமைத் தேவதாருப் பெட்டிகளைப் பிரித்து, நேர்கோடாக ரேகை ஓடிய பலகைகளைப் பொறுக்கி முன்பலகைக்கு வைத்துக்கொண்டார். பக்கத்துக்கும் முதுகுக்கும் ஈட்டி மரம். இழைத்து இழைத்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிற பதத்துக்கு முன்பலகையைக் கொண்டுவந்தார். பக்கப் பலகையை வளைப்பதுதான் வழிக்கு வரவில்லை. தண்ணீரில் ஊறப்போட்டு வளைத்தார், முறிந்தது. தணலில் காட்டி வளைத்தார், கருகி முறிந்தது. கடைசியில் ராஜம்மாள் வீட்டில் பட்டு அவிக்கிற செம்பு அண்டாவைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் வெந்நீர் கொதிக்கும்போது, நனைத்த பலகையை அண்டாவின் வெளிவயிற்றில் வைத்து மெல்ல அழுத்தினார். ஆறு பலகை போயிற்று. ஏழாவது வளைந்து கொடுத்தது. அண்டா கறுத்துவிட்டதென்று ராஜம்மாள் ஒரு வாரம் பொன்னாத்தாளிடம் சிடுசிடுத்தாள்.

கித்தார் பேசியது. டிக்ரூஸ் மீட்டிப் பார்த்துவிட்டு, "என்னோடதைவிட இது மேல்" என்றார். ஆசாரி அதை வாங்கி, சோதனைக்கு லேசாக ஒட்டியிருந்த, கம்பிகள் ஏறி நிற்கிற குதிரைக் கட்டையைப் பெயர்த்து வைத்துவிட்டு, மூன்று கை அரக்கு வார்னிஷ் பூசினார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. பிறகு குதிரையை வச்சிரப் பசை காய்ச்சி அதன் மேல் ஒட்டினார்.

1935 தை மாதம் தெரசாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஈரோடு லோகோ ஷெட்டில் வேலை. கல்யாணப் பரிசே அந்தக் கித்தார்தான். செட்டியாரையும் ஆசாரியையும் டிக்ரூஸ் அழைத்திருந்தார். சேலம் ரயில்வே காலனியில் ஒரு கூடத்தில் மத்தியான விருந்து. செருப்பில்லாத காலோடு வந்தது இவர்கள் இரண்டு பேர்தான், கதவோரமாக நின்றுகொண்டார்கள்.

விருந்து முடிந்ததும் டிக்ரூஸ் புதுக் கித்தாரை எடுத்து வாசித்தார். ஜோடி ஜோடியாக ஆடினார்கள். தான் செய்த வாத்தியத்தில் முழுப் பாட்டு ஒன்றை ஆசாரி கேட்டது அதுதான் முதல் தடவை. பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கேயோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போல இருந்தது. ஆனால் சத்தம் கூடத்தின் கடைசி வரைக்கும் வந்தது. அதைக் கவனித்துக்கொண்டார்.

மூன்றாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். குதிரை பிய்த்துக்கொண்டு, ஆறு கம்பிகளையும் உதறிவிட்டுப் பறந்து, டிக்ரூஸின் தாடையில் அடித்து, நாற்காலிகளுக்கு அடியில் போய் விழுந்தது. ஆடியவர்கள் நின்றார்கள். யாரோ ஒரு குழந்தை சிரித்தது. வெள்ளை உடுப்பில் இருந்த தெரசா, கையில் கேக் தட்டோடு, மாமாவின் தாடையில் கசிந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆசாரி கதவோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு நடந்தார். பளபளப்பான தரையில் மண்டியிட்டு, நாற்காலிகளுக்கு அடியில் தேடி, குதிரையை எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டார். டிக்ரூஸிடமிருந்து கித்தாரையும் வாங்கிக்கொண்டார்.

"சரி பண்ணிக் கொண்டாரேனுங்க" என்று மணப்பெண்ணைப் பார்த்துச் சொன்னார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

பஸ்ஸில் செட்டியார்தான் பேச்செடுத்தார். "வச்சிரம் பழசாயிருக்கும், ஆசாரியாரே."

"இல்லீங்க. நேத்துக் காச்சுனதாட்டம் நல்ல வச்சிரமுங்க."

மல்லூர் தாண்டும் வரைக்கும் செட்டியார் ஆறுதலாக ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஆசாரி துண்டின் முடிச்சை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை வெயிலில் குதிரையைக் கவிழ்த்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்துவிட்டது. அடியில் வச்சிரம் அப்படியே இருந்தது. அதன் மேல் வெங்காயச் சருகு போல வார்னிஷ் தோல் ஒட்டியிருந்தது. மரத்தின் ஒரு நார்கூட இல்லை. வச்சிரம் வார்னிஷைத்தான் பிடித்திருக்கிறது. வார்னிஷ் மரத்தை விட்டுவிட்டது.

"பவுசுக்குப் பூசுனது வெனையா வந்துச்சு" என்று பொன்னாத்தாளிடம் சொன்னார்.

"இனி பூசாதீங்க."

"பூசலாம். குதிரை குந்தற எடத்துல மட்டும் பூசக்கூடாது."

அந்த இடத்தில் வெறும் மரம் தெரியும் மட்டும் சுரண்டி, புதிதாக ஒட்டி, மேலே தறிக்குக் கட்டுகிற கல்லை ஏற்றி நாலு நாள் விட்டார். பிறகு கம்பிகளை முழு விறைப்பில் முறுக்கிச் சுவரில் மாட்டினார். ஒரு மாசம், தினமும் காலையில் நகக்கண்ணைக் குதிரையின் அடியில் ஓட்டிப் பார்ப்பார். ஒரு முடி நுழைகிற இடைவெளிகூட விழவில்லை. அதற்குப் பிறகுதான் ரயிலேறி ஈரோட்டுக்குப் போனார்.

தெரசா கதவைத் திறந்தாள். "இனிமே பிச்சுக்காதில்லே?"

"பிச்சுக்கிட்டா ஒரு தபால் கார்டு போடுங்கம்மா. தறியைப் போட்டுட்டு வாரேன்."

கார்டு ஒன்று வந்தது. போத்தனூரில் அவள் சிநேகிதிக்கும் ஒரு கித்தார் வேண்டுமாம். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒன்று, இரண்டு என்று கேட்டு வந்தார்கள். 1940க்குள் ஒன்பது செய்துவிட்டார். தறி வேலையை மட்டும் விடவில்லை.

யுத்தம் வந்ததும் கம்பிக்குத் திண்டாட்டம் வந்தது. மெல்லிய எஃகுக் கம்பிகள் மூன்றும் எப்படியோ கிடைத்தன. தடித்த மூன்றும் சீமையிலிருந்து வர வேண்டியவை, பம்பாயிலும் இல்லை. 1941இல் ஒரு நாள் டிக்ரூஸ் அறுந்துபோன தடித்த கம்பியோடு பட்டறைக்கு வந்தார்.

"எனக்கு மரந்தானுங்க தெரியும்" என்றார் ஆசாரி.

இருவருக்கும் மோர் கொண்டுவந்த பொன்னாத்தாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அறுந்த கம்பியை எடுத்தாள். நகத்தால் நுனியைப் பிரித்தாள். சுற்றியிருந்த கம்பி அவிழ்ந்து, உள்ளேயிருந்து வெள்ளையாக இழைகள் பூத்தன.

"ஏனுங்க, இது சரிகைதானுங்களே?"

ஆண்கள் இருவரும் பார்த்தார்கள்.

"உள்ளார பட்டு. மேல கம்பி சுத்தியிருக்குது. பட்டு மேல வெள்ளி சுத்துனா சரிகை. இது வெள்ளி பூசுன செம்பாட்டம் இருக்குது. கொஞ்சம் தடிசு. அவ்வளவுதானுங்க."

டிக்ரூஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உன்னால செய்ய முடியுமாம்மா?"

"சுத்திப் பாக்கறேனுங்க. வந்தா வருது."

முதலில் பசை போக அவித்த பட்டில் சுற்றினாள். அது இழுபட்டு இழுபட்டுத் தொய்ந்தது. காலையில் முறுக்கி வைத்த கம்பி மத்தியானத்துக்குள் இறங்கிவிடும். முறுக்கைக் கூட்டினால் அறுந்தது. பிறகு அவிக்காத கச்சாப் பட்டை எடுத்து, முறுக்காமல், இழைகளைப் பக்கம் பக்கமாக விறைப்பாக இழுத்து வைத்துச் சுற்றினாள். அது நின்றது. சுற்றும்போது இரண்டு முனையும் ஒரே நேரத்தில் சுழல வேண்டும் என்றாள். ராட்டைச் சக்கரம் ஒன்றிலிருந்து இரண்டு கொக்கிகளுக்குக் கயிறு ஓட்டி ஆசாரி ஒரு பொறி செய்து கொடுத்தார். சேலத்தில் நகைக்குக் கம்பி இழுக்கும் சடையன், மெல்லிய செம்புக் கம்பி இழுத்து அனுப்பினார்.

டிக்ரூஸ் அந்தக் கம்பிகளை மாட்டி வாசித்தார். ஜோலார்பேட்டையில் ஒருவர் கேட்டார். ஈரோடு, போத்தனூர், பிறகு பெங்களூர்ப் பட்டாளத் தண்டு என்று கடிதங்கள் வரத் தொடங்கின. கித்தார் கேட்டு ஒரு கடிதம் வந்தால் கம்பி கேட்டு இருபது வரும். ராஜம்மாள் வீட்டுக்கு இழை சுற்றப் போவதைப் பொன்னாத்தாள் நிறுத்திவிட்டாள். மேல் விலாசத்தில் அவள் பெயர்தான் இருக்கும். பட்டாளத்துக்காரன் ஒருவன் வந்து கம்பிக்கார அம்மா வீடு எது என்று வெள்ளியங்கிரியிடமே கேட்டான். அவர் பின்பக்கம் கையைக் காட்டினார்.

பட்டறையில் சன்னலோரத்தை அவள் கேட்டபோதுதான் சண்டை வந்தது.

"என்ற பட்டறையில நான் எங்க குந்தறது?"

"வெளிச்சம் எனக்குத்தானுங்க வேணும். மசிரு கனத்துக் கம்பியை இருட்டுல எப்புடிச் சுத்தறது? மரம் பெருசு, எங்க இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும்."

இரண்டு நாள் அவர் சன்னலோரத்திலேயே உட்கார்ந்து இழைத்தார். மூன்றாம் நாள் காலையில் தன்னுடைய வேலைப் பலகையை இழுத்து மறுபக்கத்தில் போட்டுவிட்டு, சன்னல் கதவு இறுகிக் கிடந்ததை இழைத்துச் சரிசெய்து கொடுத்தார். அன்றிலிருந்து பார்சல்களைத் தபாலாபீசுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்தான். தபால்காரர் சிரித்தபோது, "அவளுக்குச் சோலி அதிகமுங்க" என்றார்.

யுத்தம் முடிந்தது. 1947 கடைசியில் டிக்ரூஸ் குடும்பத்தோடு சீமைக்குப் புறப்பட்டார். விடைபெற வந்தவர், முதுகு மாற்றிய பழைய கித்தாரை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"வாசிக்க ஆளில்லீங்களே. கொண்டுபோங்க. கப்பல்ல ஈரக்காத்து அடிக்கும், கம்பியைத் தளத்தி வெச்சுக்கங்க" என்றார் ஆசாரி. பொன்னாத்தாள் ஆறு கட்டுக் கம்பி பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். டிக்ரூஸ் ஆசாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படிக் குலுக்கிப் பழக்கமில்லாததால் எப்போது விடுவது என்று ஆசாரிக்குத் தெரியவில்லை.

டிக்ரூஸைப் போலவே பலரும் கிளம்ப, சேலம் ரயில்வே காலனியில் பாதி வீடுகள் கைமாறின. சீமைக் கம்பி மறுபடி கடைக்கு வந்தது. ஆசாரி மொத்தம் பன்னிரண்டு கித்தார் செய்திருந்தார். கடைசியாகக் கேட்டு வந்த ஒருவரிடம், குமாரபாளையத்துக்கு ஆறு தறி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது, முடியாது என்று சொல்லி அனுப்பினார். அது பொய்யில்லை. பொன்னாத்தாள் இன்னும் இரண்டு வருஷம், வருகிற கடிதத்துக்குத் தக்கபடி சுற்றிக்கொண்டிருந்தாள்.