பஸ்மியா ராத்தாவின் அரைகுறை வேலை

பஸ்மியா ராத்தா மௌத்தான செய்தியை எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் முகாமையாளர் போட்டிருந்தார். அதற்குக் கீழேயே அவருடைய இன்னொரு செய்தி: வீட்டுக்குப் போகிறவர்கள் ராத்தாவின் லப்டொப்பை எடுத்து வரவும். ஜனாஸா இன்னும் அடக்கப்படவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, இன்றுவரை அடங்கவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அசர் பாங்கு கேட்டதும், எழுதிக்கொண்டிருக்கும் நிரலை அந்த நிலையிலேயே கிட்டில் கொமிட் செய்து பதிந்து, நாங்களும் எடுக்கக்கூடியபடி சேர்வரில் தன் கிளைக்கு ஏற்றிவிட்டுத்தான் எழும்புவார். "பாதியில நிக்குதே ராத்தா" என்றேன் ஒருநாள். "தொழுதிட்டுத் திரும்பி வருவன் எண்டு என்ன நிச்சயம் புள்ள? நான் வராட்டி நீ அதிலயிருந்து தொடங்கு" என்றார்.

வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நேரத்தை அறிவிக்கும் செயலியைச் செய்துகொண்டிருந்தோம். அதைக் காட்டப் போனபோது சாகாமத்து விவசாயி ஒருவர், "வாசிக்கத் தெரியாத நான் இத வெச்சி என்ன செய்யிற மகள்?" என்று கேட்டார். செயலி வாய்விட்டுப் பேச வேண்டும் என்று ராத்தா வரும் வழியிலேயே முடிவெடுத்துவிட்டார். அறிவித்தல்களைத் தன் குரலிலேயே பதியத் தொடங்கினார்.

அப்போதுதான் இந்த முகாமையாளர் வந்து சேர்ந்தார். "வாடிக்கையாளர் பாக்கிற சேர்வர். அரைகுறையெல்லாம் போடப்படாது" என்று எல்லார் முன்னாலும் ஏசி, ராத்தாவின் கிளையை அழித்தார். அதன்பின் முடியாத வேலையை, அந்தக் குரல் பதிவுகளோடு, ராத்தா ஸ்டாஷ் செய்து வைத்தார். அது அவருடைய லப்டொப்புக்குள்ளேயே ஒதுங்கிக் கிடக்கும். வேறு எவருக்கும் கிடைக்காது. "பெட்டிக்குள்ள வெச்சிப் பூட்டச் சொல்றாரு. திறப்போட நான் போயிட்டா?" என்று சிரித்தார். டெங்கு அவரைக் கொண்டுபோய்விட்டது.

லப்டொப் அலுவலகம் வந்த அன்றே, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று, உள்ளே என்ன இருக்கிறதென்றுகூடப் பாராமல் எல்லாவற்றையும் அழித்தார்கள். பிறகுதான் செயலியின் குரல் பதிவுகள் எங்கே என்று வாடிக்கையாளர் கேட்டார். நான் அங்கே இருந்த நேரம் முகாமையாளர் மௌத்து வீட்டுக்கு ஓடிவந்து ராத்தாவின் கணவரிடம், "தம்பி, அவங்கட குரல் பதிவு பென்ரைவ்ல எங்கயாச்சும் இரிக்கா?" என்றார். அந்த மனிதர் தலையைத் தூக்கி, "அத உங்களிட்டக் கேக்கத்தான் நான் இருந்த சேர். எங்களிட்ட அவட குரல் ஒண்டும் இல்ல" என்றார்.

என்னைச் சபூர் செய்யச் சொல்கிறார்கள், பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மௌத்துக்குச் செய்கிறேன், அது அல்லாஹ்வின் நாட்டம். அந்தக் குரலை அழித்தது மனிதன்.

ராத்தாவிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கம் ஒன்றுதான். இன்று பாதி வேலையைச் சேர்வருக்கு ஏற்றினேன். "என்ன இது, அரைகுறை?" என்று முகாமையாளர் வந்து நின்றார்.

"ஓம் சேர், அரைகுறைதான். நான் மௌத்தானா என்ட வீட்டுக்கு வந்து தேடாதீங்க."