செங்கோட்டை பஸ்ஸுக்கு முன் ஒரு கேசட்

குற்றாலத்துச் சாரல் தென்காசி பேருந்து நிலையம்வரை அடிக்கிறது. செங்கோட்டை பஸ் இன்னும் வரவில்லை. பக்கத்தில் இருப்பவளுக்கு என் வயதுதான் இருக்கும். மடியில் சவுதி டேப் ரிகார்டர். கணவன் அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்பியதைச் செங்கோட்டையில் மாமியாருக்குப் போட்டுக் காட்டப் போகிறாளாம். அதுவரை பேட்டரிக்கட்டை தாங்க வேண்டும். ஆனாலும் அவளால் போடாமல் இருக்க முடியவில்லை.

பஸ் இரைச்சலுக்கு நடுவே கேட்டு முடித்ததும் கேசட்டை வெளியே எடுக்கிறாள். என் பென்சிலை வாங்கி, கேசட்டின் ஓட்டையில் விட்டு, நாடாவைத் திரும்ப முதலுக்குச் சுற்றுகிறாள்.

"மெஷினு சுத்துனா கட்டை தீந்துரும்லா. கைக்கு என்ன கேடு?"

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், அதுவும் இயற்பியல். எனக்கு இது தோன்றியிருக்காது.

மறுபடியும் போடுகிறாள். "ஏட்டி, சாப்பிட்டியா?" என்கிறது ஆண்குரல். எனக்கு இதுவரை யாரும் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை.

"சத்தத்தக் கொறச்சு வைங்க. கட்டை இன்னுங் கொஞ்சம் தாங்கும்," என்கிறேன். உண்மைதான். ஆனால் சொன்னது அந்தக் குரலைக் கேட்கப் பொறுக்காமல்.

"படிச்ச பொம்பளப்பிள்ளைன்னா சும்மாவா!" என்று குறைத்துவிட்டு, பெட்டியைக் காதோடு அணைத்துக்கொள்கிறாள். திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.