பிந்துவும் சீன ஏவுகணையும்

புதுக்கடை என்கிற ஊரில் நானும் பிந்துவும் சேர்ந்து ஜெராக்ஸ் கடை நடத்துகிறோம். கூட்டம் ஓய்ந்தால் நான் போனில் சேலை பார்ப்பேன். அவள் சீனாக்காரனின் டாங்க் எதிர்ப்பு ஏவுகணை பார்ப்பாள். "ஏட்டி, உனக்கு வேற ஜோலி இல்லியா?" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். காதில் வாங்கவே மாட்டாள்.

அவளுடைய கணவன் விபின் ராணுவத்தில் டாங்க் ஓட்டுகிறவன். வடக்கே சீன எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளும் முறைத்துக்கொண்டு நின்ற வருடம் அவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. நான் கேட்காமலே எனக்குப் பாடம் நடக்கும். அந்த ஏவுகணைக்குச் செவ்வம்பு என்று பெயராம். பழையதற்குப் பின்னால் அதை வழிநடத்தும் கம்பி உண்டு. சுட்டவன் அது போய்ப் படும்வரை குறியிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. அதற்குள் எதிராளி அவனைக் கண்டுபிடித்துவிடுவான். வருடக்கணக்காகத் திருத்தித் திருத்தி, இப்போது சுட்டுவிட்டு ஓடிப்போய்விடலாம் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். டாங்கின் சூட்டைத் தேடி அதுவே போகும். நேரே வராமல் மேலே ஏறித் தலைமேல் விழும்.

"மேலதான் இரும்புக்கு கனம் கொறவு, அஜிதா. அதைப் பாத்து செஞ்சிருக்கானுவ பாரு," என்பாள். குரல் சாதாரணமாக இருக்கும். ஆனால் தூக்கம் போய் ஆளே பாதியாகிவிட்டாள்.

ஒருநாள் விபின் போனில் சொன்னான்: தன்னை ராஜஸ்தானில் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாம். இனி டாங்க் கிடையாது, கிரீஸ் டப்பாவுக்குக் காவல் இருக்கிற வேலைதானாம். "இங்க வெயிலு கொளுத்துது, பிந்து." அன்று அவள் கடைத்தெருவில் கண்டவர்களுக்கெல்லாம் பழம்பொரி வாங்கித் தந்தாள்.

அதன்பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனில் வெயில்தான். வீடியோவில் வரச் சொன்னால் அனுமதி இல்லை என்பான். அவள் நம்பினாள், நானும் நம்பினேன். ஏவுகணையை விட்டுவிட்டு என்னோடு சேலை பார்க்க உட்கார்ந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பிந்துவின் அப்பா முத்துநாயகம் கிரில் வெல்டிங் செய்கிறவர். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு அவர் செய்த கம்பி மூடிதான். நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. போன ஐப்பசி மாதம் ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெருமை தாங்காமல் ஆரம்பித்தார்.

"மருமவன் எனக்க கிட்ட தொழில் கேட்டு போன் போட்டான், மக்களே. டாங்குக்க மேல நம்ம கெணத்து மூடி போல கம்பிக்கூடு வைக்கணுமாம். தணுப்புல வெல்டு பொட்டிப் போவுதாம். கம்பிய முதல்ல நல்லா சூடாக்குன்னு சொன்னேன்."

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. "உனக்க கிட்ட சொல்லண்டாம்னான்," என்று முணுமுணுத்தார்.

பிந்துவின் கை கிழங்கிலேயே நின்றுவிட்டது. வெல்டு உடைகிற குளிர் ராஜஸ்தானில் எங்கே இருக்கிறது? டாங்கின் தலைக்குமேல் கூடு எதற்கு என்பதும் அவளுக்குத் தெரியாததா? எனக்கு விபின்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. போனைப் போட்டு நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவள் கை கழுவிவிட்டுக் கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கூப்பிடும் நேரம்தான் அது.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பிந்து, இங்க வெயிலு..."

"மதி, போதும்," என்றாள். "எங்க நிக்கியன்னு நான் கேக்க மாட்டேன். அதை நீங்க சொல்லவும் கூடாது. ஆனா இனி வெயிலுன்னு மட்டும் சொல்லண்டாம்."

அவளே தொடர்ந்தாள்.

"நான் பயந்து பேடிக்கக் கூடாதுன்னு தானே பொய் சொன்னிய? இத்தனை நாளும் நான் நிம்மதியா உறங்கினேன். நீங்க மட்டும் தனியா கெடந்து பேடிச்சிருக்கிய. அதுலயாவது நான் கூட இருந்திருப்பேன்லா?"

அந்தப் பக்கம் காற்று இரைவது கேட்டது.

"பயங்கர தணுப்பு, பிந்து," என்றான். "கை ரெண்டும் மரச்சுப் போவுது."

"சொல்லுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் இங்கதான் இருக்கேன், சொல்லுங்க."