மரியதாசன் அண்ணை வாங்கப்போன கண்ணாடி

மரியதாசன் மூவாயிரம் டொலருக்குத் துவக்குக் கண்ணாடி வாங்கிவிட்டார் என்ற செய்தி எங்கள் கோயில் பங்கிலுள்ள திரேசம்மாவிடமிருந்து கிளம்பியது. ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அவர் என் மனைவி நிரஞ்சனிக்குச் சொல்ல, நிரஞ்சனி பஸ்ஸில் வரும்போது எனக்குச் சொன்னாள். வேட்டைத் துவக்கின் குழலுக்கு மேல் பூட்டிப் பார்த்தால் ஒரு மைலுக்கு அப்பால் நிற்கிறவனின் மீசை மயிர்கூடத் தெரியுமாம். அப்படி யாருடைய மீசையைப் பார்க்கப் போகிறாராம் என்று கேட்டேன். திரேசம்மாவும் அதைத்தான் கேட்டாராம்.

மரியதாசன் அண்ணை எங்கள் வீட்டுக்காரர். மொன்ட்ரியால்-நோரில் அவருடைய வீட்டின் மேல்தளத்தில்தான் வாடகைக்கு இருக்கிறோம். மன்னார் ஆள். ஐம்பத்தெட்டு வயது. இறைச்சி மொத்தமாக விற்கும் ஒரு குளிர்க்கிடங்கில் இருபத்துச் சொச்சம் வருடமாக மாட்டிறைச்சி வெட்டுகிறார். விடிய முன் போய், மத்தியானம் கழிய, கழுத்தில் துவாய் சுற்றியபடியே திரும்பி வருவார். முழங்காலுக்குள் ஏறின குளிர் இனி இறங்காது என்பார். படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கழற்றவே அவருக்கு வெகு நேரம் எடுக்கும். கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார்.

வருடத்தில் ஒரு கிழமை, ஏழே ஏழு நாள் மட்டும், அவர் வேறு ஆள். நவம்பரில் மான் வேட்டைக்குப் போகும் கிழமை. கூட்டிப்போகிறவர் கிடங்கின் மேற்பார்வையாளர் றெஜான். வடக்கே காட்டுக்குள் அவருக்கு ஒரு மரக்குடில் இருக்கிறது. அதில் ஐந்து கட்டில். ஐந்தாவது கட்டில் பல வருடமாக அண்ணையுடையது. கிடங்கில் அவரை ‘மரியோ’ என்று கூப்பிடுகிற அதே ஆட்கள், குடிலில் மட்டும் நாக்கைச் சுழற்றி ‘மரியதாசன்’ என்று முழுப் பெயரையும் சொல்வார்களாம். அங்கிருந்து வருகிற இறைச்சி நத்தார்ப் பண்டிகைக்கு எங்கள் பங்கில் பாதி வீடுகளுக்குப் போகும். திரேசம்மா வீட்டுக்கும்தான்.

இந்த முறை றெஜானின் மருமகன் தானும் வரவேண்டும் என்று நிற்கிறான். வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லிவிடு என்று அண்ணையிடம் றெஜான் சொல்லியிருந்தார். இல்லையென்றால் கட்டில் மருமகனுக்கு. மருமகனிடம் போன கட்டில் திரும்பி வராது என்று அண்ணைக்குத் தெரியும்.

உண்மையில் அவர் இன்னும் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை. திங்கட்கிழமை என் கதவைத் தட்டி, கைப்பேசியில் மூன்று கண்ணாடிகளின் படங்களைக் காட்டினார். முந்நூற்றைம்பதுக்கு ஒன்று, தொளாயிரத்துக்கு ஒன்று, இரண்டாயிரத்து நானூறுக்கு ஒன்று. பிரெஞ்சு அவருக்கு என்னைவிட நன்றாக ஓடும். ஆனால் வாங்கினவர்கள் எழுதி வைத்திருக்கிற அபிப்பிராயமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. “தம்பி, நீர் ரெண்டு பாசையிலயும் படிச்சனீர்தானே. எது நல்லதெண்டு பாத்துச் சொல்லும்.”

என் கைப்பேசியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். என் குடியுரிமை விண்ணப்பம் இன்னும் ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடக்கிறது. என் பெயரில் உள்ள கைப்பேசியில் தொலைதூரத் துவக்குக் கண்ணாடி என்று தேடினால் யார் பார்ப்பார்கள், என்ன நினைப்பார்கள்? நிரஞ்சனியின் கைப்பேசியில் தேடினேன். அவளுக்குக் குடியுரிமை கிடைத்து இரண்டு வருடமாகிறது.

எழுதியிருந்தவர்கள் எல்லாரும் வெட்டவெளியில் ஆயிரம் மீற்றருக்கு அப்பால் இரும்புத் தட்டு வைத்துச் சுடுகிறவர்கள். அண்ணை மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து சுடுகிறவர். நூறு மீற்றர் தாண்டினால் அவர் முன்னால் இருப்பது வெறும் கிளை. முந்நூற்றைம்பது தாராளம் என்றேன். அது சரிவராது என்றார். ஏன் என்று கேட்டால், தூரம் முக்கியமில்லை, தெளிவுதான் முக்கியம் என்றார். கத்தியை மலிவாக வாங்கினால் கைதான் வெட்டுப்படும் என்றும் சொன்னார்.

கீழே படியடியில் நின்ற அவர் மனைவி அஞ்சலீனா அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. “துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவர் காசு குடுத்துத் தேடிப் போறார்.”

“அது மனிசருக்கு நீட்டின துவக்கு. இது மானுக்கு.”

“துவக்குக்கு அது தெரியுமே?”



வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் என்னையும் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி லவாலில் உள்ள வேட்டைச் சாமான் கடைக்கு ஓட்டினார். கடைக்காரர் தாடி வைத்த, சிரித்த முக மனிதர். துவக்குக்கு எவ்வளவு கொடுத்தீர்களோ அவ்வளவாவது கண்ணாடிக்கும் கொடுக்க வேண்டும், வேட்டைக்காரரின் கணக்கு அதுதான் என்றார். நல்ல கண்ணாடி என்றால், தூரத்தில் அசைவது மானா வேறெதுவுமா என்று அதற்குள்ளால் பார்த்தே கண்டுபிடிக்கலாமா என்று அண்ணை கேட்டார். கடைக்காரரின் சிரிப்பு நின்றது. கூடவே கூடாது, பார்ப்பதற்கு வேறு தூரக்கண்ணாடி இருக்கிறது, துவக்கைத் தூக்கும்போது எதைச் சுடப்போகிறீர்கள் என்று முதலே தெரிந்திருக்க வேண்டும் என்றார். அண்ணை ‘வீ, வீ’ என்று தலையாட்டினார்.

பிறகு மூன்று கண்ணாடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையில் எடுத்து, யன்னல் பக்கம் பிடித்து வெளியே பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் வழக்கம்போல வீதி கிண்டிப் போட்டிருந்தார்கள். வேலைக்கு ஆள் இல்லை, செம்மஞ்சள் கூம்புகள் மட்டும் வரிசையாக நின்றன. மரம், கட்டடம், பெயர்ப்பலகை எதையும் அவர் பார்க்கவில்லை. அந்தக் கூம்பையே பார்த்தார். முதலாவதை வைத்துவிட்டு, மங்கல் என்றார். இரண்டாவதுக்கும் உதட்டைப் பிதுக்கினார். விலை கூடினதை நெடுநேரம் பிடித்திருந்தார். கடைக்காரர் வாங்கி இரண்டு பக்கமும் துடைத்துக் கொடுத்தார். மறுபடி பார்த்தார்.

“தம்பி, உந்தக் கூம்பு என்ன நிறம்?”

“செம்மஞ்சள், அண்ணை.”

“கண்ணாடிக்குள்ளால பாத்துச் சொல்லும்.”

எனக்குக் கிட்ட இருந்தது முந்நூற்றைம்பது டொலர்க் கண்ணாடி. எடுத்துப் பார்த்தேன். கூம்பு கண்ணுக்குள் வந்து நின்றது. அதில் சுற்றியிருந்த வெள்ளைப் பட்டி, லொறி உரசிய கறுப்புக் கோடு, எல்லாம் தெரிந்தது.

“மலிஞ்சதிலேயே பளிச்செண்டு தெரியுது, அண்ணை.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் விலை கூடின கண்ணாடியை மேசைத் துணியில் மெதுவாக வைத்தார். விலையில் கொஞ்சம் பார்த்துச் செய்யலாம் என்றார் கடைக்காரர். “மெர்ஸி, பேந்து வாறன்” என்று அவரிடம் பாதியைத் தமிழிலேயே சொல்லிவிட்டு அண்ணை வெளியே நடந்தார்.

காரடியில் சாவியை என்னிடம் நீட்டினார். “நீர் ஓட்டும்.” வரும்போது அவருடைய அந்த மங்கிய கண்ணை நம்பித்தான் பாலம் தாண்டியிருந்தேன்.

உட்கார்ந்த பிறகும் காரைக் கிளப்பவில்லை. அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி கதைத்தார்.

“போனமுறை பரணில இருக்கேக்க, கீழ பத்தைக்குள்ள மண்ணிறமா ஒண்டு அசைஞ்சது. துவக்கைத் தூக்கிக் கண்ணாடிக்குள்ளால பாத்தன். மண்ணிறம்தான். விரலும் வைச்சிட்டன். பேந்து அது இருமினது.”

நான் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

“றெஜான். செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டுதான் நிண்டவன். போடாமல் ஒருத்தரும் காட்டுக்குள்ள போகேலாது.”

பழைய கண்ணாடிதான் நிறத்தைக் கெடுத்துவிட்டது என்று அவர் ஒரு வருடமாக நம்பியிருந்தார். கண் டொக்டரிடம் போகும்படி அஞ்சலீனா அக்கா எத்தனையோ தரம் சொல்லியும் போகவில்லை. கண்ணில் படலம் விழுந்திருந்தால் வெட்டி எடுத்துவிடுவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வரலாம் என்று சொன்னேன். அது தனக்கும் தெரியும் என்றார். ஆனால் அதற்கு நாள் கிடைக்கும்போது இந்த நவம்பர் போய்விட்டிருக்கும்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “முழங்கால் ஏலாதெண்டு சொல்லுங்கோவன், அண்ணை.”

அவர் முழங்காலைத் தேய்த்தார். “சொன்னா, அப்ப சமைக்க வா எண்டுவான். வருவன் எண்டு நானும் சொல்லிப்போடுவன். சமைச்சுக்கொண்டு நிண்டா அங்கயும் மரியோதான்.” துவாயால் கண்ணைத் துடைத்தார். அழுகை இல்லை, களைப்பு. “அவன் இருமினதையும் சேத்துத்தான் சொல்லவேணும். சொல்லாட்டி அவன் என்ர பரணுக்குக் கீழதான் இந்தமுறையும் நடப்பான்.”

கைப்பேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, றெஜானின் பெயரைத் தேடி அமத்தினார். ஒலிபெருக்கியைப் போட்டு மடியில் வைத்தார். மணி போகத் தொடங்கியது. அவர் பிரெஞ்சில் தனக்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ‘கண்’ என்கிற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஒருமுறை சொல்லி, திருத்தி, மறுபடி சொன்னார். மணி போய்க்கொண்டே இருந்தது.