அண்ணி வாங்கி வந்த கம்பி

என் அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆள்காட்டி விரல் மேஜைமேல் ஒரு சுற்றுப் போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அண்ணன் சாப்பிடும்போது தட்டை ஓரமாக இழுத்துக்கொள்வான்.

"சோத்துல கரண்ட் விட்டுடாத, தாயே."

"தட்டு பீங்கான். அதுல ஓடாது, பயப்படாம சாப்பிடுங்க" என்பார் அண்ணி.

அண்ணி பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். பக்கத்து அறையில் வேதியியல் குடுவைகளைக் கழுவுவது என் வேலை. நடுவில் ஒரு கதவுதான். விரல் பழக்கம் அங்கே வந்தது. ஒரு பெண் "அக்கா, பல்பு எரியல" என்றால், அண்ணி பேட்டரியின் பிளஸ் முனையில் விரலை வைத்து, கம்பி வழியே ஸ்விட்ச், அம்மீட்டர் என்று ஊர்ந்து மைனஸ் முனைக்கு வந்து சேர்வார். "போனது வீடு திரும்பணும்டி. நடுவுல எங்கயோ வழி அறுந்திருக்கு" என்பார். பெரும்பாலும் ஏதாவது திருகு தளர்ந்திருக்கும்.

பதினொரு வருடமாகத் தற்காலிக வேலை. அந்த வருடம் நிரந்தரமாக்குவதற்கு அண்ணியின் பெயர் போயிருந்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஆய்வகத்தைப் பற்றி என்ன எழுதுகிறாரோ, அதைப் பார்த்துத்தான் முடிவு என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அண்ணிக்குக் கை பரபரத்தது. நூல் சுற்றிய பழைய கம்பிகள் பிய்ந்து தொங்கின. கடைக்குப் போய், செம்பு நிறத்தில் தகதகக்கும் ஒரு புதுச் சுருள் வாங்கி வந்தார்.

"பழசுக்கு நூலைப் பிரிச்சு, முனையைத் தேய்ச்சு என் நகமே போச்சு. இது பாரு, மேல ஒண்ணுமே இல்ல. அப்படியே மாட்ட வேண்டியதுதான்."

தேர்வன்று பெண்களிடம், "இது வெறும் கம்பி. ஒண்ணோட ஒண்ணு தொடக் கூடாது" என்று எச்சரித்தார். அவர்களும் சண்டைக்காரப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பதுபோலக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். ஸ்விட்சைப் போட்டார்கள். பன்னிரண்டு மேஜையிலும் ஒரு அம்மீட்டர் முள்கூட அசையவில்லை.

இயற்பியல் ஆசிரியை ஓடி ஓடிப் பேட்டரிகளை மாற்றினார். பலனில்லை. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேட்டரி எல்லாம் கூட்டா லீவு போட்டுடுச்சா?"

"கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிட்டான் போல சார்" என்றார் ஆசிரியை.

அண்ணி முதல் மேஜையில் விரலை வைத்தார். விரல் முழுச் சுற்றும் போய் வந்தது. வழி எங்கும் அறுந்திருக்கவில்லை. மறுபடி போனது. இந்த முறை அம்மீட்டர் அருகே நின்றது. கொண்டை ஊசியை உருவிக் கம்பியின் முனையைச் சுரண்டினார். பழுப்பு உரிந்து, உள்ளே வேறொரு மினுமினுப்பு தெரிந்தது. அவர் முகம் வெளுத்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

"தப்பு என்னுது சார். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இது மோட்டாருக்குச் சுத்துற கம்பி. உடம்பு பூரா வார்னிஷ், அதைத் தாண்டிக் கரண்ட் போகாது. நான் வெறும் கம்பின்னு நெனச்சுட்டேன்."

அண்ணி அலமாரியைத் திறந்து, உப்புத்தாளைக் கிழித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். இருபத்துநான்கு பெண்களும் தேய்க்கத் தொடங்கினார்கள்.

"பல்லு வெளக்குற மாதிரி ஒரே பக்கம் தேய்க்காதீங்கடி. சுத்தித் தேயுங்க."

"அக்கா, இப்ப ஒண்ணையொண்ணு தொடலாமா?" என்றாள் ஒரு வாயாடி.

"கட்டிப்பிடிச்சுக்கிட்டே கெடக்கட்டும். வார்னிஷ்தான் இருக்கே. தேய்ச்ச முனை மட்டும் முட்டிக்காம பாத்துக்க."

பத்து நிமிடத்தில் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. தேர்வாளர் தான் எழுதி வைத்திருந்த வாய்மொழிக் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: முதலில் ஏன் ஓடவில்லை? அத்தனை பேரும் சரியாகச் சொன்னார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் தலைமையாசிரியை அண்ணியைக் கூப்பிட்டார். "உன்னை யாரு கேட்டா? பேட்டரின்னே விட்டிருக்கலாமில்ல?"

"விட்டிருக்கலாம் மேடம். பொண்ணுங்களும் பேட்டரின்னே படிச்சுட்டுப் போயிருக்கும்."

தேர்வாளர் இரண்டையும் எழுதியிருந்தார். கம்பி தவறாக வாங்கப்பட்டது. பழுதை ஆய்வக உதவியாளரே கண்டுபிடித்து, தானே ஒப்புக்கொண்டு, தேர்வை நடத்திக் கொடுத்தார். ஆணை வர ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் அண்ணி தூக்கத்தில்கூடப் புரண்டுகொண்டே இருந்ததாக அண்ணன் சொன்னான்.

இன்று அண்ணி நிரந்தர ஊழியர். மூன்றாவது வருடம் நடக்கிறது. ஆய்வகத்துக்குக் கம்பி வாங்குவதும் அவர்தான்.