முதல் பக்கத்தில் ஒரு கோடு

லென்ஸை வலக்கண்ணில் பொருத்தி, இடக்கண்ணை மூடாமலே, அச்சுப்பொறி துப்பிய சோதனைத் தாளைப் பார்க்கிறாள் வெனிங். நான்கு நிறங்களில் சின்னச் சின்னப் படிக்கட்டுகள். கறுப்பில் அங்கங்கே படிகளைக் காணோம். சிவப்பில் படிக்கட்டே இல்லை. "மொதல்ல அளக்கணும். அழுவுறதெல்லாம் அப்புறம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். பாத்தாம் தீவுக் கப்பல் பட்டறையில், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள் சொல்லும் வாசகம் அது.

பட்டறையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. எந்த இயந்திரமும் தன்னைப் பற்றித் தானே சொல்வதை அவள் நம்புவதில்லை. சோற்றுப் பானையின் விளக்கு அணைந்தாலும் மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பாள். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுப்பாள். மணிக்கட்டில் எப்போதும் ரப்பர் வளையம் கிடக்கும். எதற்கு என்று கேட்டால் "இருக்கட்டும், வேணும்" என்பாள். பிழையான தாளை அந்த இடத்திலேயே கிழித்துவிடுவாள். நல்லதோடு கலந்துவிட்டால் யாருடைய உயிருக்கோ ஆபத்து என்பது அவள் கணக்கு.

இன்று சொந்த ஊரான கிளாத்தெனில், அப்பாவின் அறையில், ஒரு தாளையும் கிழிக்க முடியவில்லை. பிழையாக வரும் படத் தாள் எல்லாவற்றிலும் அப்பா இருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றதும் அப்பா கர்சோனோ வாங்கிய அச்சுப்பொறி இது. அந்தத் தெருவில் யார் இறந்தாலும், நாற்பதாம் நாள் ஓதலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும், குர்ஆனின் யாசீன் அத்தியாயம் அச்சிட்ட சிறு புத்தகத்துக்கு, இறந்தவரின் படம் போட்ட முதல் பக்கம் இங்கிருந்துதான் போகும். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வண்ணத் தாள் அடித்து எடுப்பார். துளைகளில் மை காயக் கூடாது என்பதற்காக. அவர் இறந்தபின் அம்மா மர்சினா அறையைச் சாத்திச் சாவியை அரிசிப் பானையில் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைகளை யாரும் நினைக்கவில்லை. இன்று அவருடைய நாற்பதாம் நாள். புத்தகங்கள் தயார், முதல் பக்கம் மட்டும் இல்லை. பிற்பகல் அஸர் பாங்குக்குள் தாள்கள் வந்தால்தான் பசை காயும், இரவு இஷா தொழுகைக்குப் புத்தகம் கைக்கு வரும் என்று பைண்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த வாகிமன் சித்தப்பா காலையிலிருந்து இதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். "கடையில குடுத்தா டீ குடிக்கிற நேரம். நீ என்னடான்னா அதுக்கு நாடி புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தெருவுல போனவங்க எல்லாரையும் இந்த மெஷின்தான் அனுப்பி வச்சுது. அவருக்கு மட்டும் கடையா?"

அப்பம் சுடுகிற பெண்கள் வாசலை எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

வேலையைக் கெடுத்ததும் அவர்தான். நாற்பதாம் நாளுக்காக வெனிங் இன்று காலை பேருந்திலிருந்து இறங்கும் முன்பே, சாவியை வாங்கி அறையைத் திறந்து, சுத்தம் செய்யும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அது மையை உறிஞ்சிக் கழிவில் கொட்டும்; காய்ந்த துளை திறக்காவிட்டால் குழாயில் காற்றுதான் ஏறும். சிவப்புக் குழாயில் விரல் நீளத்துக்கு வெறும் காற்று நின்றது. அவள் திட்டவில்லை. மின்சாரத்தை நிறுத்தினாள். மோட்டார் சைக்கிள் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் மெல்லிய தாளை நனைத்து, மடித்து, மை துப்பும் தலைக்கு அடியில் செருகினாள். பிறகு காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்கு வராது. கை ரப்பர் வளையத்தை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தது.

ஈரத் தாளில் சிவப்பு மெல்ல ஊறி வந்தது. மறுபடி அடித்தாள். பாதிச் சிவப்பு. அப்பாவின் முகம் மஞ்சளும் பச்சையுமாக வந்தது.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். ஈரல் கெட்ட கடைசி வாரத்தில், கைபேசித் திரையில், ஆஸ்பத்திரித் தலையணை மேல் பார்த்த நிறம். அடக்கத்துக்கு அவள் வந்து சேரவில்லை. விமானம் இறங்கும்போது மண் போட்டாகிவிட்டது. தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அடித்த தாளில் படிக்கட்டுகள் முழுதாக இருந்தன. படத்தை அச்சுக்கு அனுப்பினாள். தாளில் அப்பாவின் கன்னத்துக்கு ரத்தம் வந்துவிட்டது. தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு, தொப்பி இல்லாமல், முகத்தைத் துடைத்தபடி அப்பா சிரிக்கிறார். தலையை மூடாத படம் புத்தகத்தில் வரலாமா என்று சித்தப்பா கேட்டிருந்தார். இந்தப் படம்தான் என்று அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

லென்ஸைக் கண்ணில் வைத்தாள். நெற்றியின் குறுக்கே, இந்தக் காதோரப் பொட்டிலிருந்து அந்தக் காதோரப் பொட்டு வரை, ஒரு வெளிறிய கோடு.

மை துப்பும் தலையை நேராக்கும் சோதனையை ஓட்டினாள். கோடு. பளபளப்புத் தாள் என்று அமைப்பை மாற்றினாள். கோடு. உருளையைத் துடைத்தாள். கோடு, அதே இடத்தில். பைண்டரின் ஆள் வாசலில் வந்து நின்று, போய், மறுபடி வந்து நின்றான். "பரவாயில்ல, யாரு நெத்தியப் போய் உத்துப் பாக்கப் போறா" என்றார் சித்தப்பா.

"நான் பாப்பேன்" என்றாள் வெனிங்.

அப்போதுதான் பட்டறை மூளை வேலை செய்தது. மை துப்பும் தலை தாளின் இடவலமாக மட்டுமே ஓடும். அது போடுகிற கோடும் இடவலமாகத்தான் விழும். படத்தைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடித்தாள். அப்பா பக்கவாட்டில் படுத்தபடி வெளியே வந்தார். கோடும் அவரோடு படுத்திருந்தால், தாளில் செங்குத்தாக நிற்கும்.

நின்றது. இயந்திரத்தின் மேல் குற்றம் இல்லை. கோடு படத்திலேயே இருக்கிறது.

பெருமூச்சு விட்டாள். கணினியில் அழித்துவிடலாம், ஒரு நிமிஷ வேலை. படத்தைப் பெரிதாக்கி, நெற்றியை முழுத் திரைக்குக் கொண்டுவந்து, அழிப்பானைக் கோட்டின் ஒரு முனையில் வைத்தாள்.

"என்ன பண்ற?" அம்மா பின்னால் நின்றாள். முழங்கை வரை அரிசி மாவு.

கோடு, எடுத்துவிடுகிறேன் என்றாள் வெனிங், திரும்பாமல்.

அம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "எந்நேரமும் தொப்பி போட்டுக்கிட்டே திரிஞ்ச மனுசன். ஒளுச் செய்யுறப்பவும் தூங்குறப்பவும்தான் கழட்டுவாரு. அது தொப்பி பதிஞ்ச தடம்டி. உங்களுக்கெல்லாம் எங்க தெரியப் போவுது, நான்தானே பக்கத்துல படுத்தேன்."

சொல்லிவிட்டு அடுப்பில் அப்பம் இருக்கிறது என்று போய்விட்டாள்.

வெனிங் அழிப்பானை மூடினாள். சேமிக்கவா என்று கணினி கேட்டது, வேண்டாம் என்றாள். நல்ல தாளை வைத்து, படத்தை நேராக நிறுத்தி, பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவை நெற்றியிலிருந்து தொடங்கி இறக்கியது. தெருக்கோடிப் பள்ளிவாசலில் அஸர் பாங்குக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

கை பழக்கத்தில் லென்ஸைத் தூக்கியது. பாதியில் இறக்கி, மேசையில் கவிழ்த்து வைத்தாள். வெளியே வந்த தாளில் மை காயும் முன்பே, கட்டைவிரலை அந்தக் கோட்டில் வைத்து, இந்தப் பொட்டிலிருந்து அந்தப் பொட்டு வரை மெதுவாக இழுத்தாள். மை தீற்றிக்கொண்டது. அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த தாளுக்குப் பொத்தானை அமுக்கினாள்.